குடித்த உடனே

ஜூஸ் கம்பெனியில் அவருக்கு 'நாக்கு' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையோடு சரி. பதினாறு வருஷமாகத் தொட்டிக்குத் தொட்டி ஒரு மடக்கு எடுத்து, வாயில் சுழற்றித் துப்பி, இது போகலாம், அதில் புளிப்பு தூக்கல் என்று சொல்வதுதான் வேலை. அவர் தலையாட்டாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகாது. அந்த மிதப்பு அவருக்குக் கொஞ்சம் உண்டு, இல்லாவிட்டால்தான் அதிசயம்.

ஒவ்வொரு தொட்டிக்குப் பிறகும் பல் தேய்ப்பார். பேஸ்ட் போட்டால் அடுத்த ருசி கெட்டுவிடும் என்று வெறும் பிரஷ், அதுவும் கடையில் இருப்பதிலேயே முரடானது. பல் விஷயத்தில் அப்படியொரு வெறி. "சர்க்கரை ஒரு நிமிஷம் நின்னாலும் சொத்தைதான்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார். வீட்டிலும் அதே சட்டம். பத்து வயது மகள் சாயங்காலம் ஆரஞ்சு ஜூஸ் குடித்ததும், டம்ளரைக் கீழே வைத்த கையோடு பிரஷை எடுக்க வேண்டும். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பார். "குடிச்சது தொண்டையிலயாவது இறங்கட்டுமே" என்று மனைவி முணுமுணுத்தால், "உன் பல்லைப் பாரு, என் பல்லைப் பாரு" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

அந்தப் பல்தான் போன மாதம் கூச ஆரம்பித்தது. முதலில் குளிர்ந்தது பட்டால் மட்டும். பிறகு காற்றுப் பட்டாலே மண்டை வரைக்கும் சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கவும் வழியில்லை, கடித்தால் இன்னும் வலித்தது. வாயில் வைக்காமலே இரண்டு தொட்டிகளுக்குத் தலையாட்டினார். ஒன்றின் சரக்கு கெட்டுப்போனதாகத் திரும்பி வந்தது. மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"டாக்டரைப் பாருங்க. முடியலைன்னா மறைக்காம சொல்லிடுங்க, வேற ஆளைப் பாத்துக்கறோம்."

நாக்கைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

பல் டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"சொத்தையா டாக்டர்?"

"ஒண்ணுகூட இல்ல. ஆனா பல்லே பாதிதான் இருக்கு. புளிப்பு பட்டா பல்லோட மேல்பூச்சு கொஞ்ச நேரத்துக்கு இளகிப்போகும். வெறும் தண்ணில கொப்பளிச்சுட்டு ஒரு மணி நேரம் சும்மா விட்டா எச்சிலே அதை இறுக்கிடும். நீங்க அது இளகி இருக்கும்போதே தேய்ச்சிருக்கீங்க."

"அழுக்கைத்தானே தேய்ச்சேன்..."

"பல்லைத்தான் தேய்ச்சிருக்கீங்க. பதினாறு வருஷமா."

"திரும்ப வளருமா?"

"வளராது. உறை போட்டு, இருக்கறதைக் காப்பாத்தலாம். ஆனா இந்த வேலை இனிமே வேண்டாம்."

வேலை போயிற்று. வேறு நாளாக இருந்தால் அங்கேயே இடிந்துபோயிருப்பார். ஆனால் அந்த நாற்காலியில் மல்லாந்து கிடந்தவருக்கு ஞாபகம் வந்தது தன் கைக்கடிகாரம்.

"பத்து வயசுலயே இப்படி ஆகுமா?" என்று கேட்டார்.

"யாருக்கு?" என்றார் டாக்டர்.

அவர் அதற்குள் எழுந்துகொண்டார்.

வீட்டுக் கதவைத் திறந்ததே மகள்தான். "நீங்க வர லேட்டாச்சுன்னு நானே ஜூஸ் குடிச்சு, நானே தேய்ச்சுட்டேன்பா" என்று ஈயென்று பல்லைக் காட்டினாள். மற்ற நாளில் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு 'பளபளன்னு இருக்கு' என்பார். இன்று விளக்கடிக்குக் கூட்டிப்போய் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். விழுந்து முளைத்த பற்கள். இனி ஆயுசுக்கும் இவைதான். முன்பற்களின் நுனி கண்ணாடி போல இருந்தது, வாய்க்குள் இருந்த இருட்டு அதன் வழியே தெரிந்தது.

"தண்ணி குடிச்சா கூசுதாம்மா?"

மகள் வாயை மூடிக்கொண்டு, அடுப்படி வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"கொஞ்ச நாளா கூசுதுப்பா. சரியா தேய்க்கலைன்னு திட்டுவீங்கன்னுதான் சொல்லல" என்றாள். "நீங்க கடிகாரம் பாத்துட்டு அந்தப் பக்கம் போனதும், தினமும் இன்னொரு தடவை அழுத்தித் தேய்ச்சுக்குவேன். இன்னிக்கும் ரெண்டு தடவை தேய்ச்சாச்சு."