சிவப்புப் பொட்டு வைத்த வால்வு

"மச்சான், இத எங்க வைக்கிறது?"

பத்துமலை ஆம்ப்ளிஃபயரை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றான். அது இருந்த இடத்தில் சவப்பெட்டி வரவேண்டும். பலகைத் தரையில் அதன் நான்கு கால்களின் தடம் வட்ட வட்டமாகத் தெரிந்தது.

"உள்ள," என்றான் கார்த்திகேசு.

"உள்ள எங்க? கட்டிலு இருக்கு, அலமாரி இருக்கு, அவ தையல் மிஷினு இருக்கு."

"மிஷினு மேல வை."

"மிஷினு ஒடஞ்சிரும்லா. இது என்னா கனம் தெரியுமா? கல்யாண வீட்டுக்கெல்லாம் நாந்தானே தூக்குறேன். நீங்க கிட்டார தோள்ல மாட்டிக்கிட்டு மாப்ள மாதிரி முன்னால போயிருவீங்க."

சொல்லிவிட்ட பிறகுதான் தங்கை செத்த வீட்டில் நிற்பது அவனுக்கு உறைத்தது. ஸ்பீக்கர் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. கார்த்திகேசு காத்திருந்தான். பிறகு உள்ளறையில் கட்டிலின் கால்மாட்டைக் காட்டினான்.

மங்களத்துக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள், இன்று விடியற்காலையில், ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வயது இருபத்தாறு. பதினொரு மணிக்கு உடம்பு வரும். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். வந்தவர்களிடமெல்லாம் இதையே, வகுப்பில் கால அட்டவணையைப் படிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் அவன் கையைப் பிடித்தார்கள். அவன் கையைக் கொடுத்தான்.

பதினொன்றரைக்கு வந்தாள். கல்யாணப் புடவை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார்கள். பொட்டு சற்று இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதைச் சரிசெய்யலாமா என்று யாரைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாமியார் இருளாயி மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். மடியில் ஒரு பிஸ்கட் டின். அதில் மகளின் பொருள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்: சீப்பு, பவுடர் டப்பா, குங்குமச் சிமிழ், பாதி தீர்ந்த கியூடெக்ஸ் நகப்பூச்சுப் புட்டி.

"அவளுக்குப் புடிச்சதெல்லாம் கூட வச்சி அனுப்பணும் மாப்ள. நீங்களும் ஒண்ணு குடுங்க. இல்லேன்னா அதத் தேடிக்கிட்டுத் திரும்பி வருவா."

வரட்டுமே என்று அவன் சொல்லவில்லை.

"என்னா குடுக்குறது அத்தே?"

"நீங்கதானே புருசன். ஒங்களுக்குத்தானே தெரியும்."

பத்துமலை பக்கத்தில் வந்து குந்தினான். "அந்த வால்வக் குடுங்க மச்சான். செவப்பு பொட்டு வச்சது. அதுதான் அவளோடது."

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "என்னாது அது?"

"கண்ணாடிக் குப்பி மாதிரி இருக்கும்மா. ஆம்ப்ளிக்குள்ள போடுறது. இவரு வாங்குவாரு, அவதான் பாஸ் பண்ணுவா."

"அப்ப அதையே வைங்க," என்றார் மாமியார்.

கார்த்திகேசு தலையாட்டினான்.

அது கல்யாணமான முதல் வருடம். மங்களம் ஈப்போ தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டர். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக இணைப்புக் கொடுப்பாள். அவன் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சனி ஞாயிறுகளில் பத்துமலையின் இசைக்குழுவில் கிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு வால்வுகளை வரிசையாக வைத்து அவளுக்கு விளக்கினான். கிட்டாரின் சின்னச் சத்தத்தை முதலில் வாங்கிப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபயரின் முதல் குழியில் போடும் வால்வுதான். அதன் குணம்தான் கடைசிவரை கேட்கும்.

"சரி வாத்தியாரே. மாத்தி மாத்திப் போடுங்க. நான் கேக்குறேன்."

ஆம்ப்ளிஃபயருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் கோலாலம்பூரில் தேடி வாங்கிய புத்தம் புது ஜெர்மன் வால்வு. அவனுக்குப் பிடித்தது அதுதான்.

"சுத்தமா இருக்கு. பேங்கு மேனேஜர் பேசுற மாதிரி. ஒரு தும்மல்கூட இல்ல. அடுத்தது."

அடுத்ததைப் போட்டான்.

"இது ஹுத்தான் மெலிந்தாங் ஊரு லைனு. ஆளு இருக்காரு, ஆனா கடல்காத்துதான் பேசுது."

மூன்றாவது.

"இவரு சண்டைக்கு வர்றாரு. லைன வெட்டிருவேன்."

நான்காவது, ரேடியோ கடைக்காரர் பழைய ரேடியோகிராமிலிருந்து கழற்றிச் சும்மா கொடுத்தது. எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. அவன் வாசித்து முடித்தும் அவள் பேசவில்லை.

"இன்னொரு தடவ வாசிங்க," என்றாள். வாசித்தான்.

"இவரு பக்கத்துல ஒக்காந்து பேசுறாரு."

எழுந்து போய்க் கியூடெக்ஸ் புட்டியை எடுத்து வந்து, சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

அந்த வால்வுக்கு ஒரு வியாதி இருந்தது. அதிர்வு தாங்காது. பலகைத் தரையில் யாராவது நடந்தால் ஸ்பீக்கரில் கண்ணாடியைச் சுண்டியதுபோல் ஒலிக்கும். மங்களம் இடது குதிகாலை அழுத்தி நடப்பவள். அவள் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்தால் ஓர் அடி லேசாக, ஓர் அடி கனமாகக் கேட்கும். கல்யாண மண்டபங்களில் சாக்கை மடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் போட்டுச் சமாளித்தான். வீட்டில் சாக்குப் போட அவள் விடவில்லை.

"நடக்காத மங்களம். வாசிக்கிறேன்ல."

"நடந்தாதான் ஒங்களுக்கு நான் வர்றது தெரியுது. இல்லேன்னா திரும்பியா பாக்குறீங்க?"

இப்போது உள்ளறைக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டான். கழற்றுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கிட்டாரைத் தொடவில்லை. சுவிட்சைப் போட்டு, வால்வு சூடேறக் காத்திருந்து, ஒலியைத் திருப்பினான்.

கூடத்தில் ஐம்பது கால்கள் நடந்தன. ஸ்பீக்கர் சில்லறையைக் கொட்டியதுபோல் கலகலத்தது. காதை வைத்துக் கேட்டான். வேகமான கால்கள், இழுத்து நடக்கும் கால்கள், குழந்தைகளின் கால்கள். ஓர் அடி லேசாக, ஓர் அடி கனமாக எதுவும் வரவில்லை.

திரைச்சீலைக்கு வெளியே பிச்சைமுத்து தொண்டையைச் செருமினார். அடுத்த வீட்டுக்காரர், புந்தோங் வட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் முன்நின்று காரியம் பார்ப்பவர்.

"வாத்தியாரே. சாவு வீட்டுல ரேடியோ போடுறது நல்லா இல்லலா. நாலு பேரு ஒரு மாதிரி பாக்குறாங்க."

"அடச்சிட்டேன் அண்ணே."

"நீர்மாலைக்கு நேரமாச்சி. வாங்க."

"வாரேன்."

கைக்குட்டையால் பிடித்து வால்வைக் கழற்றினான். துணியைத் தாண்டிச் சுட்டது. கை மாற்றிப் பிடிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஜெர்மன் வால்வை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஒரே அளவு, ஒரே ஒன்பது ஊசிக்கால்கள். ஜெர்மன் வால்வின் எழுத்தை நகத்தால் சுரண்டிவிட்டால் ஒரு பொட்டுதான் வித்தியாசம்.

கூடத்துக்குப் போய் மாமியாரின் மடியிலிருந்த டின்னில் கையை விட்டான். கியூடெக்ஸ் புட்டியை எடுத்தான். மாமியார் அவன் கையைப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் கொண்டுவந்து திரும்ப வைத்தான்.

பெட்டியை மூடும் முன் பத்துமலை அவன் தோளைத் தொட்டான். கார்த்திகேசு பொட்டு வைத்த வால்வை மங்களத்தின் வலது கைக்குள் வைத்தான். அவள் விரல்கள் மூடவில்லை. மாமியார் குனிந்து ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டார். பத்துமலை எட்டிப் பார்த்து, "அதேதான்," என்று சொல்லி அழுதான்.

பத்துமலையை ஏமாற்றிவிடலாம். அவளுக்கு வித்தியாசம் தெரியும். பேங்கு மேனேஜரை அவளுடன் அனுப்பியிருக்கிறான். நல்லது. திட்டுவதற்கு வரட்டும்.

இடுகாட்டில் மண் ஈரமாக இருந்தது. மூன்று பிடி போடச் சொன்னார்கள். போட்டான். திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். நடந்தான். லாரியில் பத்துமலை அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ஒரு திருப்பத்தில் பத்துமலை, "ஞாயித்துக்கிழம பிடோர்ல ஒரு கல்யாணம் இருக்கு. வேற ஆள போட்டுக்குறேன்," என்றான். கார்த்திகேசு தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே குளித்தான். பெண்கள் பலகைத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் ஒரு விளக்கு. வந்தவர்கள் ஒவ்வொருவராக, போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனார்கள். பத்துமலை வாடகை நாற்காலிகளை லாரியில் ஏற்றிக் கொடுக்கப் போனான். அதற்கு முன்னால், யாரும் கேட்காமலே, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவந்து கூடத்தின் ஓரத்தில் வைத்துவிட்டிருந்தான்.

கார்த்திகேசு அதன் பின்னால் தரையில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் வால்வு. குளிர்ந்திருந்தது. ஊசிக்கால்களைக் குழியில் பொருத்தி அழுத்தினான். சுவிட்சைப் போட்டான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. குன்றின் சுண்ணாம்புப் பாறையில் மஞ்சள் வெயில். ஆம்ப்ளிஃபயர் மெல்ல இரைய ஆரம்பித்தது. வீட்டில் யாரும் நடக்கவில்லை.

அவன் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்பீக்கர் ஒலித்தது. ஓர் அடி லேசாக. ஓர் அடி கனமாக. மறுபடி லேசாக. மறுபடி கனமாக.

அவன் திரும்பினான்.

மாமியார் அடுப்படியிலிருந்து கோப்பி மங்குக் குவளையோடு வந்துகொண்டிருந்தார். இடது குதிகால் பலகையில் ஊன்றியது. முப்பது வருடம் தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளி சுமந்த நடை. மகள் ஒரு நாளும் வாளி சுமந்ததில்லை. நடையை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு முன்னால், மாமியார் இந்த வீட்டில் இருக்கும்போது கார்த்திகேசு மரியாதைக்காக ஆம்ப்ளிஃபயரைப் போட்டதே இல்லை.

மாமியார் நின்றார். சத்தமும் நின்றது.

"என்னா அது?"

அவர் ஓர் அடி வைத்துப் பார்த்தார். ஒலித்தது. கண்ணைத் தாழ்த்தி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். பிறகு அவன் கட்டைவிரலைப் பார்த்தார். குளித்தும் போகாமல், நகத்தோரத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது.

குவளையை அவன் பக்கத்தில் வைத்தார்.

"சீனி போட்டேனான்னு தெரியல," என்றார்.

"போட்டிருக்கீங்க அத்தே. நீங்க ஒக்காருங்க."

"இல்ல. போய்ப் பாத்துட்டு வாரேன்."

அடுப்படிக்குப் போனார். லேசாக ஒன்று, கனமாக ஒன்று. உள்ளே டப்பா எதுவும் திறக்கும் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கூடத்தின் ஓரம்வரை வந்து, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி அடுப்படியை நோக்கி நடந்தார்.