சூப்புக்கடையில் ஒரு கருத்துக்கணிப்பு

நாட்டையே கவிழ்த்துப் போட்ட பொருளாதார நெருக்கடி முடிந்து இரண்டு வருஷம் ஆகியும், சியோலில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் புலம்பல்தான். கருத்துக்கணிப்பு எடுத்தே யூன்ஜோங்குக்குக் காது புளித்துவிட்டது. மத்தியானம் ஒரு சூப்புக்கடைக்குள் நுழைந்து, தரையில் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்த நாலு ஆபீஸ்காரர்களைப் பிடித்தாள்.

"பொருளாதாரம் மீண்டுடுச்சுன்னு நினைக்கிறீங்களா சார்?"

"இதென்னம்மா கேள்வி! எப்பவோ மீண்டாச்சு" என்றார் மேனேஜர் டோக்ஸு. மேனேஜரே சொன்ன பிறகு மற்ற மூவருக்கும் தலையாட்டுவதைத் தவிர வேறென்ன வேலை?

"உங்க வீட்டு நிலைமை?"

"ராஜா மாதிரி இருக்கேன். நல்லாப் பெரிசா எழுதிக்கோ."

யூன்ஜோங் குஷியாகக் குறித்துக்கொண்டாள்.

கல்லாவிலிருந்த கடைக்கார அக்கா சிரித்தாள். "அவசரப்படாதே பொண்ணு, அவங்க எந்திரிக்கட்டும். முன்னெல்லாம் எல்லாருக்கும் சேர்த்து நான்தான் பில் கட்டுவேன்னு இங்கே அடிதடியே நடக்கும்."

சாப்பிட்டு முடித்த நால்வரும் வாசலில் கழற்றிவிட்ட ஷூவைப் போடக் குனிந்தார்கள். குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. லேஸைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாக ஒரே மும்முரம். அக்கா பில்லை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் இடுப்பு வலி தாங்காத ஒருவர் நிமிர்ந்து, முனகிக்கொண்டே பர்ஸை எடுத்தார்.

மேனேஜர் மட்டும் இன்னும் மும்முரமாகக் குனிந்திருந்தார். யூன்ஜோங் எட்டிப் பார்த்தாள்.

அவருடைய ஷூவில் லேஸே இல்லை.