நுரைத் தொட்டியில் இரண்டு மருந்து

கடலூர் முதுநகரில் உள்ள பழைய இரும்புக் கிடங்குக்குள் அந்தத் தீயணைப்பு வண்டியை இழுத்து வந்தபோதே கொளஞ்சிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சிதம்பரம் பக்கத்து ஆலையில் நாலு வருஷம் அவன் கழுவித் துடைத்த வண்டி. இப்போது, 2012-இல், அதை வெட்டிப் போடும் கூலியும் அவன்தான்.

மேலே ஏறி நுரைத் தொட்டியின் மூடியைத் திருகினான். கொம்பையும் குளம்பையும் வேகவைத்த மாதிரி அதே பழைய வீச்சம். மூக்கைப் பொத்தாமல் இன்னொரு தடவை இழுத்துக்கொண்டான். தொட்டியை வெட்டுவதற்குள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும் என்று, புவனகிரியிலிருந்த ரஃபியுதீனுக்குப் போன் போட்டான்.

ரஃபியுதீன் அந்த வண்டியின் டிரைவர். 2006-இல், எண்ணெய்த் தீயை மூடும் நுரை மருந்து இரண்டு வகையாக, ஒரே மாதிரி நீலக் கேன்களில் வந்தது. அவர்தான் சிவப்புப் பெயிண்டில் ‘பழசு’, ‘புதுசு, கலக்காதே’ என்று கேன் கேனாக எழுதி வைத்தார். கொளஞ்சியோ, பாதித் தொட்டிப் பழசின்மேல் எட்டுக் கேன் புதுசை ஊற்றினான். மறுநாள் சோதனையில் குழாயில் நுரை வரவில்லை. தொட்டிக்குள் எல்லாம் கூழாக உறைந்து கிடந்தது. “ஊத்தச் சொன்னது நான்தான்” என்று அதிகாரிகளிடம் பழியை ஏற்றுக்கொண்டார் ரஃபியுதீன். அவரை வண்டியிலிருந்து இறக்கி, ரிட்டயர் ஆகும்வரை கேட்டில் உட்கார வைத்தார்கள்.

மத்தியானத்துக்கு முன்பே பஸ்ஸில் வந்து இறங்கினார்.

“என்னடா, நரைச்சிப்புட்ட?”

“பாய், அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஒங்க பொழப்பக் கெடுத்துட்டேன்.”

“தெரியும்டா.”

“எப்புடி?”

“காலி கேன கழுவி, ‘கலக்காதே’ன்னு எழுதுன பக்கத்த வெளிய காட்டி, வரிசையா அடுக்கி வெச்சிருந்த. படிச்சவன் செய்யிற வேலையாடா அது? எழுதுனேனே ஒழிய, ஒனக்குப் படிக்க வருமான்னு கேக்கல. தப்பு என்னுதும்தான்.” சிரித்தார். “இப்பவும் நோன்புக் கஞ்சி கெட்டியாயிட்டா, ‘கொளஞ்சி ஊத்துனதா’ன்னுதான் எம் பொஞ்சாதி மலிகா கேக்குறா.”

கொளஞ்சியும் சிரித்தான், கண்ணைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டான். தொட்டியின் பக்கவாட்டில் வெளிறிப்போன பெயிண்டைத் தடவி, “நு...ரை... மருந்து” என்று எழுத்துக் கூட்டினான். “வெண்மதி பொஸ்தகத்துல கத்துக்கிட்டேன் பாய். எம்மவ.”

“பரவால்லியே! அந்த எழுத்தும் நான் எழுதுனதுதான்.”

ரஃபியுதீன் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கொளஞ்சி காஸ் கட்டரைப் பற்றவைக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, டீ வாங்கப் போனான்.