முழங்கால் அளவுத் தண்ணீர்

இறந்து கிடந்த மூத்த மகனின் தலைமுடியிலிருந்து ஆற்று மணலைச் சீப்பால் வழித்துக்கொண்டிருந்தபோது தையல்காரி வாசலைப் பார்த்தாள். மாத்திரைக்காரி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தோளில் வருஷாவருஷம் வீடு வீடாகக் கொண்டுவரும் அதே மாத்திரைப் பை, கையில் உயரம் அளக்கும் அதே கோல்.

"சாவு வீட்டுக்குக் கோலைத் தூக்கிட்டு வந்திருக்கா பாரு," என்றாள் கணவனிடம். "எதையோ மூடி மறைக்கத்தான் வந்திருக்கா."

"பக்கத்துத் தெருவுல மாத்திரை கொடுத்துட்டு இருந்தாங்களாம். கேள்விப்பட்டு அப்படியே ஓடி வந்திருக்காங்க. சும்மா இரு."

சும்மா இருக்க முடியவில்லை. பத்தொன்பது வயசுப் பிள்ளை. காலையில் குளிக்கப் போனவன், முழங்கால் அளவுத் தண்ணீரில் வலிப்பு வந்து குப்புற விழுந்து கிடந்தான். முழங்கால் அளவு! யாராவது ஒரு கை தூக்கிவிட்டிருந்தால் பிழைத்திருப்பான். இதற்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

"நீ மாத்திரையோட இந்த ஊருக்குள்ள கால் வச்ச பிறகுதான்டி என் பிள்ளைக்கு வலிப்பு வந்துச்சு!"

மாத்திரைக்காரி எதிர்த்துப் பேசவில்லை. சுவரோரமாக உட்கார்ந்தாள். அந்த அமைதியும் தையல்காரிக்குச் சந்தேகமாகவே பட்டது. தப்பு செய்தவள்தானே வாயை மூடிக்கொள்வாள்.

"அது புழுவுக்குக் கொடுக்குற மாத்திரைக்கா," என்றாள் மாத்திரைக்காரி கடைசியில். "ஆத்து ஈ கடிச்சு உடம்புல ஏறுற புழு. கண்ணைக் கெடுக்கும்னுதான் ஆரம்பிச்சோம். புழு குறையக் குறைய வலிப்பும் குறைஞ்சுபோச்சு. ஆரம்பிச்சப்ப இந்த ஊர்ல பதினாலு பிள்ளைங்களுக்கு இருந்துச்சு. கடைசி ஆறு வருஷத்துல புதுசா ஒருத்தருக்கும் வரல."

"அப்ப மாத்திரை வந்த பிறகும் என் பிள்ளைக்கு மட்டும் ஏன் வந்துச்சு? சொல்லு!"

"வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சுட்டு வந்தேன். எட்டு வயசுல வலிப்பு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமும் அவனுக்கு நான் மாத்திரையே கொடுக்கலைக்கா. கோல்ல அடிக்கோட்டுக்குக் கீழ நின்னான். உயரம் பத்தாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. அவன் வயசுப் பசங்க எல்லாம் தாண்டிட்டாங்க, இவன் மட்டும் வளரலையேன்னு கவலைப்பட்டேன். நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க."

சீப்பு நின்றது.

வளரவில்லையாம். பார்வையிலேயே ஆளுக்கு அளவெடுக்கும் தையல்காரி அவள். முழங்காலை எவ்வளவு மடக்கினால் தலை கோட்டுக்குக் கீழே இறங்கும் என்று தெரியாதா? முகம் தெரியாதவர்கள் கொடுக்கும் மாத்திரையை நம்பாமல், கணுக்கால் வரை தொளதொளவென்று ஒரு சட்டை தைத்துப் போட்டு, உள்ளே முழங்காலை மடக்கி நிற்கப் பழக்கியவள் அவள்தான். இரண்டு நாள் ஒத்திகை வேறு. பிள்ளை அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான். கணவனுக்குக்கூடத் தெரியாது.

தெரிந்துகொண்டுதான் பேசுகிறாளா? மாத்திரைக்காரியின் முகத்தில் தேடினாள். அழுது களைத்த முகம், அவ்வளவுதான். கணவன்தான் மெல்லத் திரும்பி இவளைப் பார்த்தான்.

தையல்காரி சீப்பைக் கீழே வைத்தாள். எழுந்து உள்ளே போய், ஆறு வயதுச் சின்னவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இவளை அள."

"இன்னைக்கு வேணாங்கா, இன்னொரு நாள்..."

"அளன்னு சொல்றேன்ல!"

கோலைக் கண்டதும் சின்னவள் தானாகவே சுவரில் முதுகைச் சாய்த்தாள். நீளக் கவுன் மெதுவாகத் தரையில் மடிந்தது. அம்மாவைப் பார்த்து ரகசியமாகச் சிரித்தாள்.

தையல்காரி மண்டியிட்டாள். கவுனுக்குள் கைவிட்டு இரண்டு முழங்கால்களையும் பிடித்து அழுத்தினாள்.

"நிமிருடி."

சின்னவளின் தலை கோட்டைத் தாண்டி மேலே ஏறியது. தையல்காரி கையை எடுக்கவில்லை. விரலிடுக்கில் இன்னும் ஆற்று மணல் ஒட்டியிருந்தது.