இடது பக்க மேனிஃபோல்டு

வலது பக்க மேனிஃபோல்டைக் கழற்ற இரண்டு மணி நேரம்தான் ஆனது. இடது பக்கம் மதியம் தாண்டியும் அசைய மறுத்தது. எஞ்சினுக்கும் படகின் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம். அதில் மெக்கானிக் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தான். ஒரு கை உடம்புக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது, இன்னொரு கையில் ஸ்பேனர். மூக்கில் வழிந்த வியர்வையைத் துடைக்க மூன்றாவது கை இல்லை.

"லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுக்கா."

அக்கா குனிந்து கைவிளக்கைத் திருப்பினாள். விடிவதற்கு முன்பே எழுந்தவள். கணவரைக் குளிப்பாட்டி, சட்டை மாற்றி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, துறை மேடையில் படகை ஒட்டி நிறுத்தியிருந்தாள். வீட்டில் தனியாக விட முடியாது. காலையிலிருந்து அவர் அங்கேதான் இருந்தார், தொப்பியும் மடியில் ஒரு துண்டுமாக.

அந்தப் படகு, ஆறு கடலில் சேரும் இடத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றும் படகு. பத்தொன்பது வருடம் அவர்தான் ஓட்டினார். எஞ்சினும் அவர் கைக்குத்தான் பழகியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. அதற்குப் பிறகு அக்கா ஓட்டுகிறாள். போன வாரம் எஞ்சின் வெள்ளைப் புகை கக்கியது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் கட்டை போல இறுகிக் கிடந்தது. அவளே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். நனைந்திருந்தது. நாக்கில் வைத்தாள். உப்பு.

அன்றைக்கே மெக்கானிக்கான தன் தம்பிக்கு போன் செய்தாள்.

மேனிஃபோல்டு என்பது எஞ்சினின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கனத்த இரும்பு வார்ப்பு. புகை அதன் வழியாகத்தான் வெளியே போகும். அது சூட்டில் பழுத்துவிடாமல் இருக்க, அதன் இரட்டைச் சுவருக்குள் கடல்தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். உப்பு உள்ளே இருந்துகொண்டே இரும்பைத் தின்னும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்சுவரில் ஓட்டை விழுந்துவிட்டால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்க வேண்டியதுதான்.

இதை அவன் மூன்று வருடத்துக்கு முன்பே சொன்னான். சொன்ன விதம்தான் தப்பு. படகு நிறைய ஆள் இருக்கும்போது சுத்தியலால் தட்டிக் காட்டி, "அத்தான், ஒருநாள் நடு ஆத்துல நிக்கப் போறீங்க, பாருங்க" என்றான். அவர் முகம் கறுத்தது. "இறங்கு மாப்ளே. என் எஞ்சினைப் பத்தி எனக்குத் தெரியும். இனி இந்தப் படகுல உன் கால் படக் கூடாது." அதோடு சரி. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இவன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தானே தவிர உள்ளே போகவில்லை. இன்று காலை வந்ததும், "எப்படி இருக்கீங்க அத்தான்?" என்று தரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படகில் குதித்துவிட்டான்.

இடது பக்கத்தில் ஆறு போல்ட். நேற்று மாலையே, அத்தான் இல்லாத நேரத்தில் வந்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவைத்திருந்தான். ஐந்து முனகிக்கொண்டே வந்தன. ஆறாவதின் தலை முறிந்து கையோடு வந்தது. மிச்சத்தைத் துளைபோட்டு எடுப்பதற்குள் ஒன்றரை மணி நேரமும் இரண்டு டிரில் பிட்டும் போயின. ஆறும் வெளியே வந்த பிறகும் மேனிஃபோல்டு ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"நடுவுல இருக்குற கேஸ்கெட் அட்டை பிடிச்சிருக்கும்" என்று சொல்லி நெம்புகோலைக் கொடுத்து நெம்பினான். எங்கோ மரம் கிறீச்சிட்டது. மறுபடி நெம்பினான்.

மேடையில் டப் டப் என்று சத்தம். அத்தான் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியை அறைந்துகொண்டிருந்தார்.

"கீ... கீ..."

"என்னங்க? வெயில் படுதா?" அக்கா விளக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"கீ... கீ!"

"கீயா? சாவி கேக்குறாரு போலடா." ஓட்டும் இடத்தில் தொங்கிய சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இந்தாங்க, பத்திரமா இருக்கு. யாரும் எடுத்துட்டுப் போகல."

அவர் சாவியை வீசி எறிந்தார். அது மேடைப் பலகையில் விழுந்து, தண்ணீருக்கு நாலு விரல் முன்னால் நின்றது.

அக்கா அதைக் குனிந்து எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "தினமும் இதுதான்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "எதைக் கேக்குறாருன்னு தெரியாது. நான் பத்து சொல்வேன், பத்தும் தப்பா இருக்கும். அப்புறம் இப்படி. எனக்கும் உடம்பு ஓயுதுடா."

"கொஞ்சம் நிழலுக்குக் கூட்டிட்டுப் போக்கா அவரை. இங்க எனக்கும் கை ஓடமாட்டேங்குது." சொல்லிவிட்டு அவன் நெம்புகோலை மறுபடி செருகினான். "அவர் நல்லா இருந்திருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன பண்ணி வச்சிருக்காரோ இதுல."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது அவன் காதிலேயே பட்டது. கேட்பதற்கு அவர் ஆறடி தள்ளித்தானே உட்கார்ந்திருக்கிறார்? காலையிலிருந்து ஒருமுறைகூட அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தோள் உரசக் கையை உருவிக்கொண்டு எழுந்து, எஞ்சின் அறையின் விளிம்பில் முட்டுக் கொடுத்து நின்றான். அத்தான் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இடது கை காற்றில் ஒரு பாத்திரத்தைப் பிடிப்பது போல விரிந்து, அதன் அடியில் போய் ஒரு திருகு திருகியது.

"கீ..."

"கீழேயா அத்தான்?"

கை அப்படியே நின்றது. கண்ணில் தண்ணீர் கட்டியது. தலை மேலும் கீழும் ஆடியது.

மெக்கானிக் மறுபடி படுத்தான். மேனிஃபோல்டின் அடிவயிற்றில் விரலை ஓட்டினான். கிரீஸும் பழைய பெயின்டும் சேர்ந்து மெத்தை போலக் கிடந்தன. நகத்தால் கீறினான். அதற்குள்ளே ஒரு தகடு. தகட்டின் நுனியில் ஒரு நட்டு. அதிர்வு தாங்குவதற்காக அவரே எப்போதோ வெட்டி மாட்டிய தாங்கி. அது மேனிஃபோல்டைப் படகின் மரச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு நெம்பு நெம்பியிருந்தால் சட்டம் பிளந்திருக்கும்.

"ஐயோ. இங்க ஒரு நட்டு இருக்குக்கா."

அப்போது மேடையிலிருந்து தெளிவாக, ஒரு எழுத்து குறையாமல், ஒரு சொல் வந்து விழுந்தது.

"மடையா!"

மூன்று பேரும் திடுக்கிட்டார்கள். சொன்னவருக்குத்தான் அதிகத் திடுக்கீடு. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அது வேறு மாதிரியாகிவிட்டது. மேடைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு மாசம்டா. பேச்சுப் பயிற்சிக்கு ரெண்டு பஸ் மாறிக் கூட்டிட்டுப் போறேன். என்னை ஒரு வார்த்தை கூப்பிடல. உன்னை முழுசா திட்டுறாரு பாரு."

"திட்டட்டும்" என்றான் அவன் எஞ்சினுக்கு அடியிலிருந்து. "நான் மடையன்தான்."

நட்டு வந்ததும் மேனிஃபோல்டு தானாகவே நகர்ந்து கொடுத்தது. தூக்குவதுதான் பாடு. அக்கா ஒரு முனை, அவன் ஒரு முனை. பாதித் தூக்கலில் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவருமாக அதைப் பலகை மேல் சாய்த்தார்கள். உள்ளேயிருந்து துருச் செதில்கள் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டின. ஓட்டை சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இருந்தது. அத்தான் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மெக்கானிக் அதை உருட்டி அவர் கண்ணில் படாதபடி சாக்கால் மூடினான்.

பிறகு வேலை மெதுவாகத்தான் நடந்தது. புகைத் துளைகளில் துணியை அடைத்துவிட்டு, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டினான். புது மேனிஃபோல்டுகளை ஒவ்வொன்றாக ஏற்ற அக்கா அடியில் தோள் கொடுத்தாள். போல்ட்களை முதலில் கையால் திருகிவிட்டு, "நடுவுலருந்து வெளிய பாத்து இறுக்கணும், அதானே அத்தான்?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கேட்டான். அவர் இடது கை விரல்கள் மூன்றை உயர்த்திக் காட்டினார்.

"மூணு சுத்துல இறுக்கணும். சரி."

பிளக்குகளைக் கழற்றியபின், மேடையில் கிடந்த சாவியை அக்கா எடுத்துவந்து எஞ்சினைச் சுழற்றியதும் சிலிண்டர்களில் நின்ற உப்புத் தண்ணீர் பீச்சியடித்து அவன் முகத்தை நனைத்தது. ஆயில் பால்விட்ட டீ நிறத்தில் இருந்தது. அதை வடித்துப் புதிதாக ஊற்றினான். அக்கா பிளாஸ்கிலிருந்து நிஜமான டீயை மூன்று கோப்பைகளில் ஊற்றினாள். கணவருக்குப் பிடித்துக் குடிக்கவைத்தாள். தன் கோப்பையை மறந்துவிட்டாள். ஆறிப்போய் ஏடு படிந்தது.

வெயில் தாழ்ந்தபோது அவள் சாவியைத் திருப்பினாள். முதல் தடவை இருமல். இரண்டாவது தடவையும் இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஒரு சிலிண்டர் மட்டும் தாளம் தப்பியது. பத்து நிமிடத்தில் அதுவும் ஒருவாறு சேர்ந்துகொண்டது. பின்புறக் குழாயில் தண்ணீர் சீராகக் கொட்டியது. மெக்கானிக் இரண்டு மேனிஃபோல்டுகளின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கை பொறுக்கும் சூடுதான்.

"பழைய மாதிரி இருக்காது" என்றான். "உப்பு உள்ள போயிட்டுது, அது பண்ணதைப் பண்ணியிருக்கும். ரெண்டு வருசம் ஓடலாம். நாளைக்கு வந்து ஆயிலை இன்னொரு தடவை மாத்திடறேன்."

"திங்கக்கிழமை ஆள் ஏத்தலாமா?"

"அத்தானைக் கேளு."

அத்தான் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து ஒருமுறை தலையாட்டினார்.

கருவிகளை அள்ளிப் பெட்டியில் போட்டுப் பூட்ட யாருக்கும் தெம்பில்லை. ஒரு தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். துறையிலிருந்து சாலைக்கு ஏறும் சரிவில் நாற்காலியை மெக்கானிக் தள்ளினான். இடுப்பு வலி தாங்காமல் பாதியில் நின்றான். அக்கா பக்கத்தில் வந்து ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தள்ளினார்கள்.