பின்னால் வருகிறவன்

கேஷியருக்குப் பின்னால் வண்டி ஓட்டுவதற்குப் பதில் வீட்டிலேயே போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம். நான் ஹெட்லைட்டை ஏற்றி இறக்கினால் போதும், முந்துவதற்கு வழி கேட்கிறேன் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி, போ போ என்று கையை வீசுகிறான். முதல் நாள் காலையில் மட்டும் ஆறு தடவை வீசினான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த விளக்குப் பேச்சு எனக்கும் பிரஸ்காரனுக்கும் மட்டும்தான் தெரியும்.

நாங்கள் நான்கு பேர். லிஃப்ட் மெக்கானிக்கான நான், அச்சகம் வைத்திருக்கும் பிரஸ்காரன், கேஷியர், வாத்தியார். குளிர்காலத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்தால் ஆளுக்கொரு பைக்கில் மலைக்குக் கிளம்பிவிடுவோம். பதினோரு வருஷமாக இப்படித்தான். எங்கள் சட்டம் ஒன்றே ஒன்று: ஒவ்வொருவனும் தனக்குப் பின்னால் வருகிறவனுக்குப் பொறுப்பு. பாதை பிரிகிற இடத்தில் அவன் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். வழி தவறியவனும் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது.

நான் எப்போதும் கடைசி. எனக்கு முன்னால் எப்போதும் பிரஸ்காரன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொடுவான், சிவப்பு விளக்கு இரண்டு தடவை எரியும். 'இருக்கியா மச்சான்?' என்று அர்த்தம். நான் ஹெட்லைட்டை ஏற்றி இறக்குவேன். 'இருக்கேன் மாப்ளே.'

காலேஜ் நாளிலிருந்தே நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அப்புறம் அவன் என் தங்கையைக் கட்டிக்கொண்டு அதை நிஜமாகவே ஆக்கிவிட்டான். கல்யாணப் பத்திரிகையைக்கூட அவனே அடித்தான். மாப்பிள்ளை கை முழுக்க மையோடு நின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இந்த வருஷம் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். கூச்சல் இல்லை, ரகளை இல்லை. ஒத்துவரவில்லை என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், தங்கையின் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வந்தான். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வாசலில் மூச்சு வாங்க நின்று, "மச்சான், ஒரு வாய் தண்ணி குடு" என்றான்.

"இனிமே நீ யாரோ, நான் யாரோ," என்றேன்.

அவன் மிஷினை யார் காலிலும் இடிக்காத இடமாகப் பார்த்து நகர்த்தி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். உள்ளேயிருந்து வந்த தங்கை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "எனக்கும் அவருக்கும்தான் முடிஞ்சுதுண்ணா. உன்னை யாரு சண்டை போடச் சொன்னது?"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பேச ஆளில்லை. வண்டியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தப் பயணத்துக்கே வந்தேன். கண்டபடி பேச மட்டும் நீளுகிற வாய், மன்னிப்புக் கேட்கத் திறப்பேனா என்றது. வாத்தியார் வேறு, வகுப்பில் சண்டைக்காரப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்கிற பழக்கத்தில், பிரஸ்காரனை முதலிலும் என்னைக் கடைசியிலும் போட்டுவிட்டான். லாட்ஜிலும் எனக்குக் கேஷியர்தான் துணை. அவன் என் கம்பளியையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான்.

இரண்டாம் நாள் காலையில் ஒரே பனிமூட்டம். விரல் மரத்துப்போய் கிளட்சைப் பிடிக்க முடியவில்லை. இன்னொரு கையுறை போட்டுக்கொள்ள ஓரமாக நிறுத்தினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தால், யாருமில்லை. கேஷியர் நிற்காமல் போய்விட்டான். போனில் சிக்னலும் இல்லை.

சட்டப்படி நின்றேன். பால் வண்டி ஒன்று கடந்து போனது, ஓட்டியவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் சூட்டில் கையை வைத்துக்கொண்டேன், அதுவும் ஆறிப்போனது. எந்தப் பாதையில் போனார்கள் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நான் இல்லாதது யாருக்காவது தெரிந்ததா என்பதுதான் மனசை அரித்தது. பிரஸ்காரன் முன்னால் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவனை அங்கிருந்து விரட்டியதே நான்தானே. அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, வலப்பக்கப் பாதையில் ஒரு மஞ்சள் வெளிச்சம் வந்தது. பிரஸ்காரன். எட்டு கிலோமீட்டர் தள்ளி டீக்கடையில் நின்றபோதுதான் ஆள் குறைவது தெரிந்ததாம். வாத்தியார் எழுந்திருப்பதற்குள் இவன் டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினானாம். இதெல்லாம் பிறகு வாத்தியார் சொல்லித் தெரிந்தது.

அவன் வண்டியை விட்டு இறங்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். வந்தது இவ்வளவுதான்: "தண்ணி இருக்கு. குடிக்கிறியா?" பாட்டிலை நீட்டினேன்.

அவன் பாட்டிலைப் பார்த்தான், வாங்கவில்லை. "யாரோ ஒருத்தர் வழி தெரியாம நிக்கிறார்னாங்க. வாங்க, போலாம்."

இருபது வருஷமாக வாடா போடா என்றவன். அதற்கு ஓர் அறை விட்டிருக்கலாம்.

அவன் பின்னால் போனேன். பிரேக் விளக்கு வளைவுகளில் மட்டும் எரிந்தது, அதுவும் வளைவுக்கு ஒரே ஒரு தடவை. பொறுக்க மாட்டாமல் நானே ஹெட்லைட்டை ஏற்றி இறக்கினேன். இருக்கேன் மாப்ளே. அவன் ஓரமாக ஒதுங்கி, போ என்று கையை வீசினான். கேஷியர் அதைத் தெரியாமல் செய்தான். இவன் தெரிந்தே செய்தான்.

சரி, போய்த் தொலைகிறேன் என்று முந்தினேன். கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியைப் பார்த்தால் அவன் விளக்கு பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. பதினோரு வருஷத்தில் என் கண்ணாடியில் எங்கள் ஆள் ஒருவனுடைய விளக்கும் தெரிந்ததில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் கேட்டவன் அவன். நான் வெறுமனே பதில் சொல்லிக்கொண்டு வந்தவன். இப்போது பின்னால் வருகிறவன் அவன், பொறுப்பு என்னுடையது.

பிரேக்கை இரண்டு தடவை தொட்டேன். பதில் இல்லை. ஒரு வளைவு தாண்டி மறுபடி தொட்டேன். இல்லை. வெட்கத்தை விட்டுத் திரும்பத் திரும்பத் தொட்டேன், எத்தனை தடவை என்று தெரியாது. டீக்கடைக்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. நிறுத்தினேன். அவன் பக்கத்தில் வந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

"ஒரு வாய் தண்ணி குடு."

மச்சான் என்று சேர்க்கவில்லை. அந்தச் சொல் இனி வராமலே போகலாம். பாட்டிலை எடுத்து, மூடியை நானே திறந்து கொடுத்தேன். பல் கூசுகிற தண்ணீர். நிறுத்தி நிறுத்திக் குடித்தான். அவன் குடித்து முடிக்கும்வரை மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.