கண்ணில் ஏறிய மஞ்சள்

சாவியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மூட்டுவாதத்தால் விரல்கள் வீங்கி, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது, அதை அடக்க ஊசி இருக்கிறது என்றார்கள் ஒரு தனியார் கிளினிக்கில். ஊசி போடப் போட வீக்கம் வடிந்தது. மறுபடியும் கிரேன் ஏறினான்.

மழைக்காலத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மீன் குழம்பு வாசனைக்கே குமட்டியது. அசதி என்று சமாளித்தான். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, அவன் மனைவி கிறிஸ்டினா வெளிச்சத்தில் அவன் கண்ணைப் பார்த்தாள். மஞ்சளாக இருந்தது.

"இன்னாய்யா இது? எத்தினி நாளா கீது?"

"ஒண்ணுக்கு டிகாஷன் மாரி போவுது. சொன்னா ஊசிய நிறுத்திருவாங்க கிறிஸ்டி. மறுபடி கை மடங்காம கெடக்க என்னால முடியாது."

அவள் தம்பி பெனிட்டோ, "சும்மா காமாலைதான்க்கா. கீழாநெல்லி அரைச்சிக் குடு, சரியாப்பூடும்" என்றான். சாவியோ அதையே பிடித்துக்கொண்டான். கிறிஸ்டினாவுக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் ஆட்டோவை வாசலில் நிறுத்தி, கையைப் பிடித்து ஏற்றினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சுஜா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஊசிக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தாங்களா?"

"இல்லியே டாக்டர்" என்றாள் கிறிஸ்டினா.

"கல்லீரலைத் தாக்குற அந்தக் கிருமி இவர் உடம்புல ரொம்ப வருஷமா அடங்கிக் கிடந்திருக்கு. ஊசி எதிர்ப்புச் சக்தியக் குறைச்சதும் முழிச்சிக்கிச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரை குடுத்துத் தடுத்திருக்கலாம். இப்ப அட்மிட் ஆகணும். இது ஒருத்தர்கிட்டேந்து ஒருத்தருக்குப் பரவும், நீங்களும் உங்க பொண்ணும்கூட டெஸ்ட் எடுத்துடுங்க."

மாத்திரை தொடங்கியும் மஞ்சள் ஏறியது. கல்லீரல் மோசமானால் மூளையும் குழம்பும், பேச்சு குழறினால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கிறிஸ்டினா அவனைத் தூங்கவே விடவில்லை.

"யோவ், நம்ம பொண்ணு பேரு இன்னா?"

"ஐரீன். எத்தினி வாட்டி கேப்ப?"

அவன் எரிந்து விழும்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கிறிஸ்டினா, ஐரீன் இரண்டு பேருக்கும் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஐரீனுக்குக் குழந்தையிலேயே தடுப்பூசி போட்டிருந்தார்கள். கிறிஸ்டினாவுக்கு அன்றே போட்டார்கள். சாவியோவின் கல்லீரல் மெல்லத் தேறத் தொடங்கியது. மூட்டுவாத ஊசியை நிறுத்தியதால் விரல்கள் மறுபடி வீங்கின. "கல்லீரல் தேறட்டும். மாத்திரையத் தொடர்ந்துகிட்டே மூட்டுக்கு வேற மருந்து பாக்கலாம்" என்றார் சுஜா.

அவன் வீடு திரும்பிய பிறகு கிறிஸ்டினா அந்தக் கிளினிக்குக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். ஆனால் வரிசையில் ஒரு பெண் வீங்கிய மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்டினா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எக்கா, ஊசி நல்லதுதான், போட்டுக்க. ஆனா மின்னாடி ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தாங்களா?"

கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லியே" என்ற அந்தப் பெண், எழுந்து டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள்.